கரு தங்கும் நாட்களில் எழுந்து நடந்தால் விழுந்துவிடுமா?

கேள்வி, ஏப்ரல் 21

செல்லூரில் இருக்கிறேன். சோதனைக்குழாய் முறையில் ஐந்தாம் நாள் கருவை எனக்குள் வைத்து மூன்று நாள் ஆகிறது. அத்தை கட்டிலைவிட்டு இறங்க விடுவதில்லை. போன தடவை மாடிப்படி ஏறினதால்தான் தங்காமல் நழுவிவிட்டது என்று மதினியும் சொல்கிறார். பாத்ரூம் போகவே பயமாக இருக்கிறது. வருஷா வருஷம் அழகர் இறங்குவதைப் பார்க்கப் போவேன். இந்த வருஷம் போகலாமா? நடந்தால் கரு விழுந்துவிடுமா?

ஏப்ரல் 21, இரவு

விழாது. மீதியைப் பொறுமையாகப் படித்துக்கொள்ளுங்கள்.

கருப்பை என்றதும் உள்ளே ஒரு காலிப் பை இருப்பது போலவும் அதில் கரு உருண்டுகொண்டிருப்பது போலவும் நம் மனசில் ஒரு படம் இருக்கிறது. கர்ப்பம் இல்லாத நேரத்தில் கருப்பைக்குள் காலி இடம் கிடையாது. முன்சுவரும் பின்சுவரும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும், நடுவே மெல்லிய ஈரப்பசை. இரண்டு ஈர இட்லித் துணிகளை ஒட்டவைத்து, இடையில் ரவையைவிடச் சிறிய ஒன்றை வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். துணியை நிமிர்த்திப் பிடித்தாலும் அது கீழே வராது. ஐந்தாம் நாள் கருவின் அளவு 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரைதான். அவ்வளவு சின்ன ஒன்றை நீங்கள் எழுந்து நிற்பதோ படி ஏறுவதோ அசைக்காது.

பாத்ரூம் பயத்துக்கும் பதில் இதுதான். சிறுநீர் வரும் வழி வேறு, கருப்பையின் வழி வேறு. அடக்கிக்கொண்டு கிடக்காதீர்கள். மருந்தினால் மலச்சிக்கல் வேறு இருக்கும், தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

ஏப்ரல் 22

கேள்வியைப் படித்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. இதே பயத்தில் நானும் கிடந்திருக்கிறேன்.

மேலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் எடுக்கிறேன். கரு பதிதல் எனக்கு வருஷா வருஷம் நடத்தும் பாடம். எனக்குக் குழந்தை தங்காமல் மதுரைக்கு அலைந்த காலத்தில், முதல் தடவை கரு வைத்துவிட்டுப் பேருந்தில்தான் ஊருக்குத் திரும்பினேன். அது தங்கவில்லை. "பஸ்ஸுல குலுங்கிக் குலுங்கி வந்தா எப்படி நிக்கும்?" என்று அப்பத்தா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. பாடம் ஒரு பக்கம், அந்தப் பேச்சு ஒரு பக்கம். ராத்திரி படுத்தால் பேச்சுதான் ஜெயிக்கும். என் மகள் தங்கியபோது நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன், வகுப்பில் நின்றபடி பாடம் நடத்தினேன்.

இதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒருத்தி நின்றாள், தங்கியது. இன்னொருத்தி படுத்தாள், தங்கவில்லை என்று ஆளாளுக்குக் கதை சொல்லலாம். பல பெண்களைப் பிரித்துவைத்துப் பார்த்த ஆய்வுகள் இருக்கின்றன. அவற்றை எழுதுகிறேன்.

ஏப்ரல் 22, மாலை

அதற்கு முன்னால் எந்த நாளில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்.

முட்டையும் விந்தணுவும் சேர்வது கருக்குழாயில். அங்கிருந்து பிரிந்து பிரிந்து நாலாம் நாள் வாக்கில் கருப்பைக்குள் வருகிறது. ஐந்தாம் நாள் அது பிளாஸ்டோசிஸ்ட்: உள்ளே பிள்ளையாகப் போகும் செல்கள் ஒரு கொத்து, வெளியே நஞ்சுக்கொடியாகப் போகும் செல்கள் ஒரு வரிசை. சுற்றி ஒரு மேலுறை இருக்கிறது. அதைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தால்தான் ஒட்ட முடியும். ஆறு, ஏழாம் நாளில் கருப்பையின் உட்படலமான லைனிங் மேல் ஒட்டுகிறது. அப்புறம்தான் அதிசயம். நம் கரு மேலோடு ஒட்டி நிற்பதில்லை, சுவருக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. வெளிச்செல்கள் ஒன்றோடொன்று கலந்து எல்லையில்லாத ஒரே படலமாகி, திசுவைக் கரைத்துக்கொண்டு உள்ளே போகின்றன. பத்தாம் நாள் வாக்கில் கரு முழுக்க உள்ளே. போன துளையை ஒரு ரத்தக்கட்டி அடைக்கிறது. பன்னிரண்டாம் நாள் வாக்கில் அதன் மேல் தோல் மூடிவிடுகிறது.

ஆகவே, தங்கச்சி, ஐந்தாம் நாள் கருவை வைத்து மூன்று நாள் ஆகியிருந்தால் அதன் வயது எட்டு. ஒட்டப் போகிற கரு இந்நேரம் ஒட்டி, உள்ளே இறங்க ஆரம்பித்திருக்கும்.

ஏப்ரல் 23

நாள் கணக்கைப் பற்றி நான் மதித்துப் பார்க்கும் ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவின் வட கரோலினாவில், குழந்தைக்கு முயன்ற 221 பெண்கள் தினமும் காலைச் சிறுநீரைச் சேமித்துக் கொடுத்தார்கள். வில்காக்ஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் அதில் எச்சிஜி ஹார்மோன் முதலில் எந்த நாளில் தென்படுகிறது என்று பார்த்தார்கள். கரு சுவரில் பதிந்தால்தான் அந்த ஹார்மோன் தாயின் உடம்பில் கலக்கும். ஆறு வாரத்தைத் தாண்டிய கர்ப்பங்களில், முட்டை வெளியான 6 முதல் 12 நாட்களுக்குள் அந்த ஹார்மோன் முதலில் தென்பட்டது, அதைத்தான் பதிந்த நாளாக எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் 84 சதவீதம் 8, 9, 10ஆம் நாட்களில். இது 1999இல் வெளிவந்தது.

அதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 9ஆம் நாளுக்குள் பதிந்தவற்றில் 13 சதவீதம்தான் சீக்கிரத்திலேயே கலைந்தன. 10ஆம் நாள் பதிந்தவற்றில் 26, 11ஆம் நாள் 52, அதற்கும் பிறகு பதிந்தவற்றில் 82 சதவீதம். கருவே மெதுவாக வளர்ந்ததா, லைனிங் ஏற்கும் காலம் முடிந்துகொண்டிருந்ததா, இரண்டுமா என்று ஒவ்வொரு பெண்ணுக்கும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பெண்கள் வழக்கமான வாழ்க்கையை நடத்திக்கொண்டே குழந்தைக்கு முயன்றவர்கள். கட்டிலில் கிடந்தவர்கள் இல்லை.

இதே குழு 1988இல் சொன்னதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பதிந்த கருக்களில் 22 சதவீதம், கர்ப்பம் என்று வெளியே தெரிவதற்கு முன்பே கலைந்துபோயின. அந்தப் பெண்களில் பலருக்கும் அது வழக்கமான மாதவிலக்காகத்தான் தெரிந்திருக்கும். நம் அம்மாமார்களுக்கும் அப்பத்தாக்களுக்கும் இப்படி எத்தனை வந்து போயிருக்கும்! அவர்கள் யாரிடமும் யாரும் காரணம் கேட்கவில்லை. நமக்கு ரத்தப் பரிசோதனை இருப்பதால் ஒவ்வொன்றும் தெரிகிறது, ஒவ்வொன்றுக்கும் குற்றவாளி தேடுகிறார்கள்.

ஏப்ரல் 24

படுக்கை விஷயம். கரு வைத்தபின் ஒரு பிரிவைப் படுக்கவைத்து, இன்னொரு பிரிவை உடனே எழுந்து போகச் சொல்லிச் சீட்டுப் போட்டுப் பிரித்துப் பார்த்த ஆய்வுகள் பல. படுத்தவர்களுக்குக் கூடுதலாகத் தங்கியதாக அவை காட்டவில்லை. சிலவற்றில் படுத்தவர்களுக்குத்தான் கொஞ்சம் குறைவு. ஹார்மோன் மருந்து எடுக்கும் பெண் அசையாமல் கிடந்தால் காலில் ரத்தம் உறையும் அபாயம் வேறு கூடுகிறது. அத்தையிடம் இதைச் சொல்லுங்கள். அவர் உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறார், அவரிடம் கோபம் வேண்டாம்.

ஏப்ரல் 24, இரவு

காலையில் எழுதியதோடு ஒரு விலக்கைச் சேர்க்க வேண்டும். உறைய வைத்த கருவா, முட்டை எடுத்த அதே மாதத்தில் வைத்த கருவா என்று நீங்கள் சொல்லவில்லை. அதே மாதம் என்றால், ஊசிகளால் சினைப்பைகள் வீங்கி இருக்கும். குதிப்பது, ஓடுவது, கனமான குடம் தூக்குவது வேண்டாம். வீங்கிய சினைப்பை முறுக்கிக்கொண்டால் அது அவசர அறுவை சிகிச்சை வரை போகும். வயிறு ஊதி, மூச்சு வாங்கி, சிறுநீர் குறைந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதெல்லாம் உங்களைக் காப்பாற்றச் சொல்வது. கரு விழுந்துவிடும் என்ற பயத்தால் சொல்வது இல்லை.

ஏப்ரல் 25

பப்பாளி தின்றால் கரு கலைந்துவிடுமா என்று வாடிப்பட்டியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். எலிகளில் 2002இல் வெளியான ஓர் ஆய்வில், பழுத்த பப்பாளியால் கர்ப்பத்துக்குக் கெடுதல் தெரியவில்லை. காயின் பால் கருப்பைத் தசையைச் சுருங்க வைத்தது. ஆகவே காயை விடுங்கள். போன வருஷம் தெரியாமல் ஒரு துண்டுப் பழம் தின்றதை நினைத்து அழுதுகொண்டிருக்க வேண்டாம். அன்னாசியும் அப்படித்தான், ஒரு துண்டால் எதுவும் கலையாது. அன்னாசியின் நடுத்தண்டைத் தின்றால் கரு தங்கும் என்று இப்போது தலைகீழாக ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. அதற்கும் ஆதாரம் கிடையாது.

ஏப்ரல் 26

"லேசாக ரத்தம் பட்டது, கரு ஒட்டும்போது வரும் ரத்தம்தானே?" என்று இரண்டு பேர் கேட்கிறார்கள்.

அப்படி வரும் என்று எல்லோரும் சொல்கிறோம். நானும் வகுப்பில் சொல்லி வந்தேன், இப்போது தயங்குகிறேன். நான் 23ஆம் தேதி சொன்ன அதே பெண்களின் நாட்குறிப்பை 2003இல் தனியாக ஆராய்ந்தார்கள். 151 கர்ப்பங்களில் 14இல் மட்டும்தான் முதல் எட்டு வாரங்களில் ரத்தம் தென்பட்டது. அதுவும் கரு பதிந்த நாளில் அபூர்வம். மாதவிலக்கு வர வேண்டிய நாளை ஒட்டித்தான் பெரும்பாலும். ரத்தம் பார்த்த அந்தப் பெண்களில் பெரும்பாலோர் நல்லபடியாகப் பிள்ளை பெற்றார்கள். ஆகவே ரத்தம் பட்டதைத் தங்கிவிட்டதன் அடையாளமாகவும் எடுக்க வேண்டாம், கலைந்துவிட்டதாகவும் எடுக்க வேண்டாம். மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஹார்மோன் மாத்திரை போட்டு லைனிங் வளர்த்து உறைந்த கரு வைத்திருந்தால், கர்ப்பத்தைத் தாங்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனை உங்கள் சினைப்பை சுரக்காது. நஞ்சுக்கொடி பொறுப்பெடுக்கும் வரை ஊசியும் உள்ளே வைக்கும் மாத்திரையும்தான் லைனிங்கைப் பிடித்து நிறுத்துகின்றன.

வீட்டில் கர்ப்பம் பார்க்கும் கார்டு போடுவது பற்றி ஒரு வார்த்தை. முட்டையை முதிர வைக்க எச்சிஜி ஊசி போட்டிருந்தால் அதுவே பத்து நாள் வரை இரண்டு கோடு காட்டலாம். மருத்துவர் சொன்ன நாளில் ரத்தம் கொடுங்கள்.

ஏப்ரல் 27

அலங்காநல்லூர்ப் பக்கத்து அண்ணன் ஒருவர் எழுதியிருக்கிறார்: "எங்க வீட்டு மாட்டுக்குச் சினை ஊசி போட்டா அடுத்த நாளே மேய்ச்சலுக்குப் போகுது, எந்த மாடும் படுத்துக் கிடக்கல." சிரித்தேன், ஆனால் நல்ல கேள்வி இதில் இருக்கிறது.

மாட்டில் கதையே வேறு. அதன் கரு இருபது நாள் வாக்கில்தான் ஒட்டவே ஆரம்பிக்கிறது. அதுவரை கருப்பைக்குள் மிதந்தபடி நீளமாக நூல்போல வளர்கிறது. ஒட்டும்போதும் சுவரைத் துளைத்து இறங்குவதில்லை, கருப்பையில் இருக்கும் மொட்டுகளில் ஆங்காங்கே பிடித்துக்கொள்கிறது. தான் இருப்பதை அது தாய்க்குச் சொல்வது எச்சிஜியால் இல்லை, இண்டர்பெரான் டௌ என்ற வேறு புரதத்தால். மனிதக் கருவைப் போல் ஆழமாகத் தோண்டி இறங்குபவை சில உயிர்கள்தான். ஆழம் கூடுவதால் நமக்கு நன்மையும் உண்டு, ஆபத்தும் உண்டு.

மாதவிலக்கும் இதோடு சேர்ந்தது. பெரும்பாலான விலங்குகளில் கரு வந்து தொட்டால்தான் லைனிங் மாறும். நமக்குக் கரு வந்தாலும் வராவிட்டாலும் ஒவ்வொரு மாதமும் முன்கூட்டியே மாறித் தயாராகிறது, வராவிட்டால் கொட்டிவிடுகிறது. இப்படி முன்கூட்டியே மாறிய லைனிங், கெட்ட கருவை அடையாளம் கண்டு விடுவிக்கவும் செய்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் பலர் கருதுகிறார்கள். எனக்கு அது ஏற்கும்படி இருக்கிறது. தங்காமல் போனதில் ஒரு பகுதி, உடம்பு சரியாக வேலை செய்ததன் விளைவு.

ஏப்ரல் 28

வகுப்பில் பிள்ளைகள் வாயைப் பிளக்கும் இடத்தையும் எழுதிவிடுகிறேன். வெளிச்செல்கள் கலந்து ஒரே படலமாவதாகச் சொன்னேன் அல்லவா? அவற்றைக் கலக்க வைக்கும் சின்சைட்டின் என்ற புரதத்தின் மரபணு, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் நம் மூதாதையரின் உடம்பில் புகுந்து தங்கிய ஒரு வைரஸினுடையது. 2000இல் கண்டுபிடித்தார்கள்.

இவ்வளவு சின்னக் கருவைச் சுவருக்குள் யார் பார்த்தது என்று ஒரு மாணவி கேட்டாள். பாஸ்டனில் ஜான் ராக், ஆர்தர் ஹெர்டிக் என்ற இரு மருத்துவர்கள். 1938 முதல் பதினைந்து வருஷம், கருப்பை எடுக்க வேண்டியிருந்த 200க்கும் மேற்பட்ட பெண்களின் கருப்பைகளைத் தேடி 34 கருக்களைக் கண்டார்கள். நம் பாடப்புத்தகப் படங்களுக்கு மூலம் அவைதான். அந்தப் பெண்களின் பெயர் எங்கும் இல்லை. அதை நான் வகுப்பில் சொல்லாமல் விடுவதில்லை.

ஏப்ரல் 29

"ஆம்பளைக்கு இதில் என்ன பங்கு?" பாதி. கருவின் குரோமோசோமில் பாதி அவருடையது. முதல் மூன்று மாதத்தில் கலையும் கர்ப்பங்களில் சுமார் பாதிக்குக் குரோமோசோம் கணக்குப் பிசகுதான் காரணம். அதில் முட்டையின் பங்கு பெரிது, பெண்ணுக்கு 35 வயதுக்கு மேல் அது வேகமாகக் கூடுகிறது. அதுவும் மாடிப்படியால் வருவது கிடையாது. குழந்தை தங்காத தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் ஆண் பக்கக் காரணமும் சேர்ந்திருக்கிறது. அப்படியிருந்தும் எங்கள் ஊர்ப் பக்கம் மருமகளுக்கு எல்லாச் சோதனையும் முடிந்த பிறகுதான் மகனை ஒரு விந்துப் பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள். எனக்கு இதில் ரொம்பக் கோபம் உண்டு. அது விலை குறைந்த, வலியில்லாத சோதனை, முதலில் செய்ய வேண்டியது.

ஏப்ரல் 30

லைனிங்கைச் சுரண்டிவிட்டால் கரு நன்றாக ஒட்டும் என்று சொல்லிப் பணம் கேட்கிறார்களாம், திருமங்கலத்துப் பெண் ஒருவர் கேட்கிறார். 2019இல் வெளிவந்த ஆய்வில் 1364 பெண்களிடம் பார்த்தார்கள். சுரண்டியவர்களுக்கும் சுரண்டாதவர்களுக்கும் பிள்ளை பிறந்த விகிதம் ஒன்றே: 26.1 சதவீதம். லைனிங் ஏற்கும் நாளைத் துல்லியமாகச் சொல்வதாக விற்கும் மரபணுச் சோதனையும் 2022இல் வந்த பெரிய ஆய்வில் பிறப்பு விகிதத்தைக் கூட்டவில்லை. நகையை அடகு வைத்து இவற்றுக்குச் செலவு செய்வதற்கு முன் "இதனால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு எவ்வளவு கூடும்?" என்று எழுதிக் கேளுங்கள்.

அழகர் விஷயத்தை மறக்கவில்லை. போகலாம், ஆனால் ஆழ்வார்புரம் ஆற்றங்கரை நெரிசலுக்குள் வேண்டாம். 2022இல் அங்கே நெரிசலில் இரண்டு பேர் இறந்தார்கள். கர்ப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த வெயிலும் கூட்டமும் ஆபத்து. தல்லாகுளத்தில் தெரிந்தவர் வீடு இருந்தால் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவையை வாசலில் நின்று பாருங்கள். தண்ணீர்ப் பாட்டில் கையில் இருக்கட்டும், ஊசி நேரம் தவற வேண்டாம்.

மே 3

செல்லூர்த் தங்கச்சி ரத்தப் பரிசோதனையில் வந்த எச்சிஜி எண்ணைப் போட்டிருக்கிறார். பதிந்திருக்கிறது! எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்போது ஆளாளுக்கு "என் எண் அதிகம், உன் எண் குறைவு" என்று கீழே எழுதாதீர்கள். ஒற்றை எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது. 48 மணி நேரம் கழித்து மறுபடி கொடுத்து, முதல் எண்ணைப் போல் ஒன்றரை மடங்காவது ஆகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மெதுவாகக் கூடினால் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்: கரு கருப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில், பதிந்திருக்கிறதா? கர்ப்பங்களில் 1 முதல் 2 சதவீதம் இப்படி ஆகும். கருப்பைக்குள் வைத்த கருவும் குழாய்க்கு நகர்வது உண்டு. ஒரு பக்க அடிவயிற்று வலி, தோள்பட்டை நுனியில் வலி, தலைசுற்றல், மயக்கம் வந்தால் நேரம் பார்க்காமல் கிளம்புங்கள். ராத்திரியானாலும் கோரிப்பாளையம் அரசு ராஜாஜி மருத்துவமனையில் அவசரப் பிரிவு இருக்கிறது.

மே 3, இரவு

இன்னொன்று. பல தடவை தங்காமல் போன பெண்களிடம், சிறு வயதில் டிபி வந்ததா, வீட்டில் யாருக்காவது வந்ததா என்று கேட்க வேண்டும். நம் நாட்டில் காசநோய் நுரையீரலோடு நிற்பதில்லை. கருக்குழாயை அடைக்கும், லைனிங்கில் தழும்பு போடும். இருமலே இல்லாமல் இருக்கலாம், மாதவிலக்கு குறைந்துகொண்டே வருவது மட்டும் அடையாளமாக இருக்கலாம். மருந்து அரசில் இலவசம். சீக்கிரம் பிடித்தால் லைனிங் பிழைக்கும்.

மே 5

முதல் பிள்ளை சிசேரியன், இப்போது இரண்டாவது தங்கியிருக்கிறது என்று உசிலம்பட்டியிலிருந்து எழுதிய பெண்ணுக்கு.

27ஆம் தேதி ஆழமாக இறங்குவதால் வரும் ஆபத்து என்று சொன்னேன். அதில் பெரியது இது. கரு பழைய தையல் தழும்பில் பதிந்தால், அங்கே அதை மட்டுப்படுத்தும் நல்ல லைனிங் இல்லாததால் தசைக்குள்ளே ஊடுருவிவிடும். நஞ்சுக்கொடி பிரசவத்தில் பிரியாமல் கடும் ரத்தப்போக்கு ஆகும். தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 100 பிரசவத்தில் ஏறக்குறைய 45 சிசேரியன். அத்தனை பேருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும், ஆனால் யாரும் சொல்வதில்லை. தழும்பில் பதிவது அபூர்வம்தான், சீக்கிரம் பார்த்தால் வழியும் உண்டு.

ஆறு, ஏழு வாரத்தில் முதல் ஸ்கேனுக்குப் போகும்போது பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் போங்கள். இதயத்துடிப்பு இருக்கிறதா என்று கேட்பதோடு, கரு தழும்பிலிருந்து தள்ளிப் பதிந்திருக்கிறதா என்றும் கேட்டு, ரிப்போர்ட்டில் எழுதி வாங்குங்கள். கிராம சுகாதார செவிலியரிடம் பெயர் பதியும்போதும் முதல் பிரசவம் சிசேரியன் என்று சொல்லிவிடுங்கள், 12 வாரத்துக்குள் பதிந்துவிட வேண்டும்.